வாக்குச்சீட்டின் அடிவரை: டெக்சாஸ் தமிழ் கன்சர்வேட்டிவ் வாக்காளர்களுக்கான 2026 நவம்பர் தேர்தல் வழிகாட்டி

2018 நவம்பரில் ஹூஸ்டன் பக்கத்து 138-வது மாநிலச் சட்டமன்றத் தொகுதியை குடியரசுக் கட்சி 47 வாக்குகளில் தக்கவைத்துக்கொண்டது. ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு பந்தி வரிசையில் உட்காருகிறவர்கள் அவ்வளவு பேர் இருப்பார்கள். அதே நாளில், அதே ஹாரிஸ் கவுண்டியில், போட்டியிருந்த 59 உள்ளூர் நீதிபதி பதவிகளும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. சீட்டின் மேல்பக்கத்தில் மாநிலம் முழுக்க வென்ற கட்சி, அடிப்பக்கத்தில் ஒரு கவுண்டியின் நீதிமன்றங்களை மொத்தமாக இழந்தது.

நான் குடியுரிமை பெற்று முதன்முதலாக வாக்களித்தபோது கவர்னர் பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்குக் கீழே ஏழெட்டுப் பதவிகள் வரை எப்படியோ போனேன். பிறகு வந்த நீதிபதிகள், ஆணையர்கள், வாரிய உறுப்பினர்கள் எல்லோரும் எனக்கு வெறும் பெயர்கள். பலவற்றை வெற்றாக விட்டுவிட்டு வெளியே வந்தேன். அடுத்த வருடம் சொத்து வரி நோட்டீஸ் வந்தபோதுதான், அந்த வரியைத் தீர்மானிக்கிறவர்களில் பலரும் நான் தாண்டிப்போன அந்தப் பகுதியில்தான் இருந்தார்கள் என்று புரிந்தது. இந்த வழிகாட்டியை எழுதுவதற்கு அந்த நோட்டீஸ்தான் காரணம்.

ஒரு சொல் விளக்கம். தமிழில் 'பழமைவாதி' என்றால் மாற்றம் எதையும் ஏற்காதவர் என்ற தொனி வந்துவிடுகிறது. இங்கே நான் சொல்லும் கன்சர்வேட்டிவ் வேறு. வரி குறைவாக இருக்க வேண்டும், பிள்ளை வளர்ப்பில் பெற்றோர் சொல் முதலில் வர வேண்டும், தெரு பாதுகாப்பாக இருக்க வேண்டும், சிறு தொழில் செய்கிறவனை அரசு நெருக்கக் கூடாது, கும்பிடும் சாமியை நிம்மதியாகக் கும்பிட விட வேண்டும். இதெல்லாம் நம் வீடுகளில் கட்சிப் பெயர் சொல்லாமலே புழங்கும் எண்ணங்கள்தான். அந்த எண்ணம் சீட்டில் கடைசிப் பெயர் வரை போய்ச் சேர என்ன செய்ய வேண்டும் என்று பார்ப்போம்.

முதல் படி: தேதிகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள்

தேர்தல் நாள் 2026 நவம்பர் 3, செவ்வாய்க்கிழமை. வாக்காளராகப் பதிவு செய்யக் கடைசி நாள் அக்டோபர் 5. முன்கூட்டிய வாக்குப்பதிவு அக்டோபர் 19 முதல் 30 வரை. தபால் வாக்குக்கான விண்ணப்பம் அக்டோபர் 23-க்குள் கவுண்டி அலுவலகத்தில் இருக்க வேண்டும். அன்று அஞ்சலில் போட்டால் போதும் என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. கையில் கிடைத்த நாள்தான் கணக்கு.

தேர்தல் நாளன்று வாக்குச்சாவடி காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை. 7 மணிக்கு நீங்கள் வரிசையில் நின்றால் உங்களை வாக்களிக்க விட்டே ஆக வேண்டும். கூட்டத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: யார் பதிவு செய்யலாம், யார் கூடாது

இதை மெதுவாகப் படியுங்கள். நம் சமூகத்தில் ஒரே வீட்டில் ஒருவர் குடிமகன், ஒருவர் கிரீன் கார்டு, ஒருவர் எச்1பி என்று இருப்பது சாதாரணம். அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர் மட்டுமே வாக்காளராகப் பதியலாம். கிரீன் கார்டு எத்தனை வருடமாக இருந்தாலும், வரி எவ்வளவு கட்டினாலும், குடியுரிமைத் தேர்வில் தேறிச் சத்தியப்பிரமாணத்துக்குக் காத்திருந்தாலும், பதிவு செய்யக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும் இடத்தில் 'வாக்காளராகப் பதிய விருப்பமா' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் தெரியாமல் டிக் போடுவதுகூட நாடு கடத்தல் வரை இழுத்துக்கொண்டு போகலாம். வாக்காளர் பட்டியல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்லும் நாம், நம் வீட்டிலிருந்தே அதைத் தொடங்க வேண்டும்.

சத்தியப்பிரமாணம் முடிந்தவுடன் பதிவு செய்யலாம். ஒரு நடைமுறை விஷயம்: பல ஆண்டுகளுக்கு முன் எச்1பியிலோ கிரீன் கார்டிலோ இருந்தபோது எடுத்த ஓட்டுநர் உரிமத்தின் கோப்பில் நீங்கள் இன்னமும் வெளிநாட்டவராகவே இருக்கலாம். 2019 ஜனவரியில் டெக்சாஸ் மாநிலச் செயலர் அலுவலகம் இப்படிப்பட்ட பழைய பதிவுகளை வைத்துச் சுமார் 95,000 பேரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தது. அதில் பல்லாயிரம் பேர் முறையாகக் குடியுரிமை பெற்றவர்கள் என்று தெரிந்து, வழக்கு வந்து, அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள். ஆகவே குடியுரிமைச் சான்று வந்ததும் ஓட்டுநர் உரிமப் பதிவைப் புதுப்பித்துவிடுங்கள். கவுண்டியிலிருந்து 'குடியுரிமை ஆதாரம் காட்டவும்' என்று கடிதம் வந்தால் விளம்பரக் குப்பையோடு போட்டுவிடாதீர்கள். அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் பெயர் நீங்கும்.

டெக்சாஸில் புதிதாக ஆன்லைனில் பதிவு செய்ய முடியாது. ஓட்டுநர் உரிமத்தை ஆன்லைனில் புதுப்பிக்கும்போது சேர்த்துச் செய்யலாம், அது ஒன்றுதான் விதிவிலக்கு. மற்றபடி காகிதப் படிவம், கையெழுத்து, அஞ்சல். வீட்டில் 17 வயது 10 மாதம் ஆன பிள்ளை இருந்தால் அவர்களும் இப்போதே பதியலாம், தேர்தல் நாளில் 18 ஆகியிருந்தால் போதும். கல்லூரிக்குப் போய்விட்ட பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். அவர்கள் எந்த முகவரியில் பதிந்திருக்கிறார்கள் என்பதை ஆகஸ்டிலேயே கேட்டு வையுங்கள்.

வீடு மாறினால்? ஒரே கவுண்டிக்குள் என்றால் முகவரியை ஆன்லைனில் மாற்றிவிடலாம். கவுண்டி மாறினால் புதிதாகப் பதிய வேண்டும். இர்விங்கிலிருந்து ஃபிரிஸ்கோவுக்கும், கேட்டியிலிருந்து ரவுண்ட் ராக்குக்கும் நம்மவர்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார்கள். பால்காய்ச்சி முடித்த கையோடு இந்த வேலையையும் முடித்துவிடுங்கள்.

சங்கத்திலோ கோயிலிலோ மேசை போட்டு மற்றவர்களைப் பதிவு செய்யும் ஆசை உங்களுக்கு இருக்கலாம். நல்லது. ஆனால் டெக்சாஸில் பூர்த்தி செய்த படிவத்தைப் பிறரிடமிருந்து வாங்கிக்கொண்டு போய்க் கொடுக்க, கவுண்டியிடம் 'தன்னார்வத் துணைப் பதிவாளர்' நியமனம் பெற்றிருக்க வேண்டும். செலவு இல்லை, சிறு பயிற்சி உண்டு. வாங்கிய படிவத்தை ஐந்து நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். யார் எந்தக் கட்சி என்று பார்த்துப் படிவம் கொடுப்பது, மறுப்பது இரண்டும் கூடாது. வந்தவர் எல்லோரையும் பதிவு செய்வதுதான் விதி.

மூன்றாம் படி: பெயர் விவகாரம்

இது நமக்கென்றே உள்ள சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகிவிட்டது, உரிமத்தில் இனிஷியல் சுருங்கிவிட்டது, குடியுரிமைச் சான்றில் இரண்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி. இதனால் வாக்களிக்க முடியாது என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிட்ட பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பயமே வேண்டாம். பெயர்கள் பெருமளவு ஒத்திருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று அங்கேயே உறுதிமொழிக் கட்டத்தில் குறித்துவிட்டு வழக்கம்போல வாக்களிக்கலாம். அது தற்காலிக வாக்கு அல்ல, முழு வாக்கு.

ஏற்கப்படும் புகைப்பட அடையாளங்கள் ஏழு: டெக்சாஸ் ஓட்டுநர் உரிமம், டெக்சாஸ் அடையாள அட்டை, தேர்தல் அடையாளச் சான்று, டெக்சாஸ் கைத்துப்பாக்கி உரிமம், படத்துடன் கூடிய ராணுவ அடையாள அட்டை, படத்துடன் கூடிய குடியுரிமைச் சான்று, அமெரிக்கப் பாஸ்போர்ட். 18 முதல் 69 வயது வரை உள்ளவர்களுக்கு அட்டை காலாவதியாகி நான்கு ஆண்டுகள் வரை செல்லும் (குடியுரிமைச் சான்றுக்குக் காலாவதி இல்லை). 70 வயதைத் தாண்டியவர்களுக்கு எத்தனை ஆண்டு ஆகியிருந்தாலும் செல்லும். இவற்றில் எதையும் பெற முடியாத நிலை ஒருவருக்கு இருந்தால், காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு, மின்கட்டண ரசீது போன்ற ஓர் ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வீட்டுக்கு வரும் வாக்காளர் அட்டை உங்களுக்கு வந்ததா? வராமல் திரும்பிப் போயிருந்தால் உங்கள் பெயர் 'நிறுத்திவைப்பு'ப் பட்டியலில் இருக்கும். அப்போதும் வாக்களிக்கலாம், சாவடியில் முகவரி உறுதிப்படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். முன்கூட்டியே மாநிலச் செயலரின் 'வோட் டெக்சாஸ்' தளத்தில் போய்ப் பார்த்துவிட்டால் அந்தப் பத்து நிமிடமும் மிச்சம்.

நான்காம் படி: சீட்டைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

வேலையின் பெரும்பகுதி இங்கேதான்.

2020-க்கு முன் டெக்சாஸில் ஒரே ஒரு பொத்தானில் கட்சி மொத்தத்துக்கும் வாக்களிக்க முடிந்தது. 2017-இல் இயற்றிய சட்டத்தின்படி 2020 முதல் அது இல்லை. இப்போது ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரிய கவுண்டிகளில் நீதிபதிகளே பல டஜன் வருவார்கள். பலர் பாதியில் களைத்துப்போகிறார்கள். "அண்ணா, கவர்னருக்குப் போட்டுட்டேன், மத்தவங்க யாருன்னே தெரியல, விட்டுட்டேன்" என்று ஒரு தம்பி சொன்னான். சொத்து வரி பற்றி மாதம் ஒருமுறை என்னிடம் புலம்புகிறவன் அவன்.

ஆகவே என் யோசனை: கவுண்டி தளத்தில் உங்கள் பெயருக்கான மாதிரி வாக்குச்சீட்டு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வரும். அதை அச்செடுங்கள். கவர்னருக்கு யார் என்று உங்களுக்கு ஏற்கெனவே தெரியும், அதற்கு நேரம் செலவிட வேண்டாம். கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள்.

சொத்து வரியில் இருந்து பார்ப்போம், ஏனென்றால் மாநில வருமான வரி இல்லாத இந்த ஊரில் நம்மைக் கடிப்பது அதுதான். மாநிலம் தன் பங்குக்கு நிறையச் செய்திருக்கிறது. பள்ளி வரிக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு, அதாவது நாம் குடியிருக்கும் சொந்த வீட்டின் மதிப்பில் வரி போடாமல் விடும் தொகை, 2023-இல் 1,00,000 டாலர் ஆனது. 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 1,40,000 டாலர் ஆக்கினார்கள். 65 வயது தாண்டியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உள்ள கூடுதல் விலக்கு 10,000-லிருந்து 60,000 டாலர் ஆனது. சிறு தொழில் செய்கிறவர்களின் சரக்கு, கருவிகளுக்கான விலக்கு 2,500-லிருந்து 1,25,000 டாலருக்குப் போனது. ஆனால் விகிதத்தை வைப்பது மாநிலம் அல்ல. பள்ளி மாவட்டம், கவுண்டி ஆணையர் மன்றம், நகர மன்றம், புறநகர்ப் புதுக் குடியிருப்புகளில் மட் எனப்படும் குடிநீர் மாவட்டம், இவர்கள்தான். இவர்களைத் தேர்ந்தெடுப்பது சீட்டின் அடிப்பகுதியிலும், மே மாதத் தேர்தலிலும்.

வீட்டின் மதிப்பைக் கணக்கிடும் மதிப்பீட்டு மாவட்டம் இன்னொரு பக்கம். 75,000-க்கு மேல் மக்கள்தொகை உள்ள கவுண்டிகளில் அதன் இயக்குநர் குழுவில் மூன்று பேரை நேரடியாக வாக்காளர்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் வந்தது. முதல் தேர்தல் 2024 மே மாதம் நடந்தபோது வந்து வாக்களித்தவர்கள் வெகு குறைவு. அவர்களின் பதவிக்காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அந்த இடங்கள் இந்த நவம்பர் சீட்டில் வருகின்றன. கட்சி அடையாளம் இருக்காது. வெறும் பெயர்தான் இருக்கும். இந்த மூன்று பெயரைப் பற்றி முன்கூட்டியே விசாரித்து வைத்திருக்கும் வாக்காளர் நூற்றில் எத்தனை பேர் இருப்பார்கள்? நீங்கள் அதில் ஒருவராக இருங்கள்.

கடன் வாங்க வாக்காளரிடம் அனுமதி கேட்கும் கடன் பத்திர முன்மொழிவுகள் இன்னும் கீழே இருக்கும். பள்ளிக் கடன் பத்திரத்தின் கீழ் 'இது சொத்து வரி உயர்வு' என்ற வாசகம் இருந்தே ஆக வேண்டும் என்பது 2019 சட்டம். வரி விகிதம் உயராத முன்மொழிவிலும் அந்த வரி அச்சாகும். எனவே அந்த ஒரு வரியைப் பார்த்து மட்டும் வேண்டாம் என்று குத்திவிட்டு வருவது சரியான சிக்கனம் ஆகாது. கூரை ஒழுகும் பள்ளிக்கும் புது விளையாட்டரங்கத்துக்கும் வித்தியாசம் உண்டு. எவ்வளவு கடன், எத்தனை ஆண்டு, ஏற்கெனவே உள்ள கடன் எவ்வளவு என்று மாவட்டத் தளத்தில் போட்டிருப்பார்கள். படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து நீதிபதிகள். டெக்சாஸில் நீதிபதிகள் கட்சிச் சின்னத்தோடு தேர்தலில் நிற்கிறார்கள். மாநில உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது பேர், குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஒன்பது பேர், எல்லாம் ஆறு ஆண்டுப் பதவி. அதற்குக் கீழே மாவட்ட, கவுண்டி நீதிமன்றங்கள். 2025 நவம்பரில் சில கொடும் வன்குற்றங்களுக்கு ஜாமீன் மறுக்க வழிசெய்யும் அரசியல் சாசனத் திருத்தம் நிறைவேறியது. அதற்கு ஆம் என்று வாக்களித்துவிட்டு, அந்த ஜாமீன் மனுவை விசாரிக்கப் போகும் நீதிபதியின் இடத்தை வெற்றாக விட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறோம். நீதிபதிகளை அறிய ஒரு வழி: அந்தந்த ஊர் வழக்கறிஞர் சங்கங்கள் வெளியிடும் வாக்கெடுப்பு. அதில் சாய்வு இருக்கலாம், ஆனால் 'நேரத்துக்கு வருவாரா, கோப்பைப் படிப்பாரா' என்பது போன்ற விஷயங்களில் வழக்கறிஞர்களுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் இருந்தால் ஒரு காபிக்கு அழையுங்கள்.

பெயர்களால் ஏமாற வேண்டாம் என்பதற்கு இரண்டு உதாரணம். 'கவுண்டி ஜட்ஜ்' என்பவர் பெரும்பாலும் வழக்கு விசாரிப்பவர் அல்லர், கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். பட்ஜெட், வரி, வெள்ளம் வந்தால் அவசர நிலை எல்லாம் அவர் மேசையில். 'ரயில்ரோட் கமிஷன்' 2005-க்குப் பிறகு ரயிலைத் தொடுவதே இல்லை. எண்ணெய், எரிவாயுத் தொழிலை ஒழுங்குபடுத்துகிற மூன்று பேர் அவர்கள். ஹூஸ்டனில் எரிசக்தித் துறையில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

பள்ளி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. பாடத்திட்டமும் பாடநூலும் 15 பேர் கொண்ட மாநிலக் கல்வி வாரியத்தின் கையில் இருக்கின்றன. 2024 நவம்பரில் 'புளூபானட்' என்ற தொடக்கப் பள்ளிப் பாடத்தொகுப்பை அந்த வாரியம் 8-க்கு 7 என்ற கணக்கில் ஏற்றது. அதில் பைபிள் கதைகள் இடம்பெறுகின்றன. மாவட்டங்கள் எடுத்துக்கொள்ளலாம், விடலாம், கட்டாயம் இல்லை. நம் தமிழ் கன்சர்வேட்டிவ்களுக்குள் இதில் ஒரே கருத்து கிடையாது. கிறிஸ்தவக் குடும்பங்கள் பல வரவேற்றன. இந்துக் குடும்பங்களில் பக்தி பள்ளிக்கு வருவது நல்லது என்றவர்களும் உண்டு, பிள்ளைக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது என்பது பெற்றோர் உரிமைதானே என்று தயங்கியவர்களும் உண்டு. என் மனம் இரண்டாவது பக்கம். இதில் உங்கள் நிலை எதுவானாலும், வாரிய உறுப்பினர் வேட்பாளரிடம் நேராகக் கேளுங்கள். ஒரே வாக்கில் முடிவான விஷயம் அது, ஆளைத் தெரியாமல் வாக்களிக்கிற இடம் அல்ல.

2025-இல் கையெழுத்தான செனட் மசோதா 2 தனியார் பள்ளிக்கும் வீட்டுக்கல்விக்கும் மாநிலப் பணம் தரும் கல்விச் சேமிப்புக் கணக்கை 100 கோடி டாலர் ஒதுக்கீட்டில் தொடங்கிவைத்தது. 2026-27 கல்வியாண்டுதான் முதல் ஆண்டு. இதை நடத்துவது கல்வித்துறை அல்ல, கம்ப்ட்ரோலர், அதாவது மாநிலத்தின் கணக்குப்பிள்ளை. 'கம்ப்ட்ரோலர் யாரானால் என்ன' என்று தாண்டிப்போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல் துணை ஆளுநர் இங்கே அலங்காரப் பதவி இல்லை. 31 பேர் கொண்ட செனட்டில் எந்த மசோதா மேசைக்கு வரும், எது வராது என்பது அவர் கையில்.

உங்கள் ஊர்ப் பள்ளி மாவட்ட அறங்காவலர் தேர்தல் பல இடங்களில் மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கிறது, சில இடங்களில் நவம்பரில். உங்களுடையது எப்போது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். மே மாதத்தில் வாக்களிப்பவர்கள் மிகக் குறைவு, ஆகவே ஒரு தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கூட்டம் அளவு ஆட்கள் அதில் பெரிய எண்ணிக்கை.

இப்படிப் பார்த்து முடித்த பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் அல்ல, தாளில். வாக்களிக்கும் இடத்திலிருந்து 100 அடிக்குள் கைபேசி பயன்படுத்தக் கூடாது. எழுதிய தாளுக்குத் தடை இல்லை. வேட்பாளர் பெயரோ சின்னமோ உள்ள தொப்பி, சட்டையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள், அதுவும் அந்த 100 அடிக்குள் ஆகாது.

ஐந்தாம் படி: எப்போது, எப்படி வாக்களிப்பது

நம் பக்கத்து ஆட்கள் சிலர் 'தேர்தல் நாளன்று நேரில் போட்டால்தான் நம்பிக்கை' என்று காத்திருக்கிறார்கள். அந்த உணர்வு எனக்குப் புரிகிறது. ஆனாலும் முதல் வாரத்திலேயே போய்விடுங்கள் என்றுதான் சொல்வேன். முன்கூட்டிய நாட்களிலும் அதே அடையாளச் சோதனை, பெரும்பாலும் அதே இயந்திரம், அதே அதிகாரிகள். பிள்ளைக்குக் காய்ச்சல், அலுவலகத்தில் அவசர மீட்டிங், புயல் மழை, எது வந்தாலும் மறுநாள் என்று ஒன்று இருக்கும். நவம்பர் 3-க்கு மறுநாள் இல்லை. முன்கூட்டிய நாட்களில் பதிவாகியுள்ள கவுண்டியில் எந்தச் சாவடிக்கும் போகலாம். தேர்தல் நாளன்று சில கவுண்டிகளில் அப்படி, சிலவற்றில் உங்கள் சாவடி மட்டும்தான்.

வேலை நேரம் ஒரு காரணமே அல்ல. சாவடி திறந்திருக்கும் நேரத்தில் வேலைக்கு வெளியே தொடர்ந்து இரண்டு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், சம்பளப் பிடித்தம் இல்லாமல் நேரம் தர வேண்டும் என்பது டெக்சாஸ் சட்டம்.

தபால் வாக்கு 65 வயது தாண்டியவர்கள், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், அந்த நாட்களில் கவுண்டிக்கு வெளியே இருப்பவர்கள், தேர்தலுக்கு முன்னும் பின்னும் மூன்று வாரத்துக்குள் பிரசவத்தை எதிர்பார்ப்பவர்கள் போன்றோருக்கு மட்டும். நவராத்திரி, தீபாவளி என்று சென்னைக்கோ மதுரைக்கோ போகிற பெரியவர்கள் நிறைய. 2026 தீபாவளி நவம்பர் 8. தேர்தல் நாள் அதற்கு ஐந்து நாள் முன்பு. அக்டோபரிலேயே ஊருக்குக் கிளம்புகிறவர்கள் விமான டிக்கெட்டோடு இந்த விண்ணப்பத்தையும் யோசியுங்கள். விண்ணப்பத்திலும் உறையிலும் ஓட்டுநர் உரிம எண்ணையோ சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையோ எழுத வேண்டும். பதிவில் எது இருக்கிறது என்று தெரியாவிட்டால் இரண்டையும் எழுதிவிடுங்கள். 2021 சட்ட மாற்றத்துக்குப் பின் ஏராளமான தபால் வாக்குகள் இந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால் தள்ளுபடியாயின. அக்கம்பக்கத்து உறைகளை எல்லாம் 'நானே போட்டுவிடுகிறேன்' என்று வாங்கிப் போகாதீர்கள். உதவி என்று நினைத்துச் செய்வது குற்றமாகிவிடலாம்.

ஆறாம் படி: அம்மா அப்பாவை அழைத்துப் போவது

ஆங்கிலம் படிக்கச் சிரமப்படும் பெற்றோர் தங்களுக்கு உதவ ஒருவரைச் சாவடிக்குள் அழைத்துப் போகலாம். இது கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டம் தந்த உரிமை. முதலாளியோ அவருடைய ஆளோ, தொழிற்சங்க நிர்வாகியோ உதவியாளராக இருக்கக் கூடாது, மகனோ மகளோ மருமகளோ இருக்கலாம். உதவியாளர் படிவம் நிரப்பி உறுதிமொழி எடுக்க வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு வாசலில் காரிலேயே சீட்டைக் கொண்டுவந்து தருவார்கள்.

ஆனால் உள்ளே நீங்கள் மொழிபெயர்ப்பாளர்தான். அம்மா வேறொருவரைச் சொன்னால் அதையே குறிக்க வேண்டும். பெரியவர்களோடு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாதிரிச் சீட்டை வைத்துக்கொண்டு தமிழில் ஒருமுறை பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் இது ஒன்றரை மணி நேரம் ஆனது. ஜாமீன் பற்றி அம்மா கேட்ட கேள்விகள் நான் யோசிக்காதவை.

ஏழாம் படி: மற்றவர்களிடம் பேசுவது

தமிழ்ச் சங்கம், கோயில் போன்றவை பெரும்பாலும் 501 சி 3 வரிவிலக்கு அமைப்புகள். அந்த மேடையிலிருந்து ஒரு வேட்பாளருக்கு ஆதரவு கேட்கக் கூடாது. வாக்காளர் பதிவு, தேதி அறிவிப்பு, எல்லாக் கட்சி வேட்பாளர்களையும் அழைக்கும் கலந்துரையாடல் ஆகியவை பரவாயில்லை. ஆதரவுப் பேச்சை உங்கள் வீட்டு வரவேற்பறையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர், சுண்டல், ஒரு வேட்பாளர். உள்ளூர்ப் பதவிக்கு நிற்கிறவர் இப்படி அழைத்தால் பெரும்பாலும் வந்துவிடுவார்.

வாக்குரிமை இல்லாத நண்பர்கள் என்ன செய்யலாம் என்று கேட்பார்கள். கிரீன் கார்டு உள்ளவர் தேர்தல் நிதி தரலாம், எச்1பியில் இருப்பவர் தரக் கூடாது. சம்பளம் வாங்காமல் தன்னார்வமாக உழைக்க இருவருக்கும் தடை இல்லை.

வாட்ஸ்அப் குழுவில் வரும் தகவலை அனுப்புவதற்கு முன் கவுண்டி தளத்தில் ஒரு முறை பாருங்கள். சாவடி மாறிவிட்டது, இயந்திரம் வாக்கை மாற்றுகிறது, தேதி தள்ளிப்போனது என்று வரும் செய்திகள் யாரைத் தடுக்கின்றன தெரியுமா? ஏற்கெனவே தயங்கி நிற்கும் நம் பெரியப்பாவைத்தான். தேர்தல் நடைமுறையில் உண்மையாகவே சந்தேகம் இருந்தால் அதற்கு நேர்வழி இருக்கிறது. மாநிலச் செயலரின் ஆன்லைன் பயிற்சியை முடித்து, கட்சியோ வேட்பாளரோ நியமிக்க, சாவடிப் பார்வையாளராக உள்ளே உட்காரலாம். அல்லது கவுண்டியிடம் பெயர் கொடுத்துத் தேர்தல் பணியாளராகவே சேரலாம், அதற்குக் கூலியும் உண்டு. ஒரு நாள் முழுக்க அந்த மேசையில் உட்கார்ந்தவர், எதிர்க்கட்சிக்காரர் பக்கத்து நாற்காலியில் அதே கவனத்தோடு கையெழுத்துச் சரிபார்ப்பதைப் பார்த்தவர், பிறகு வேறு மாதிரிப் பேசுவார்.

எட்டாம் படி: நவம்பர் 4-க்குப் பிறகு

மாநிலச் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் வழக்கமாகக் கூடும், 140 நாள்தான். அடுத்த கூட்டம் 2027 ஜனவரி 12. ஆனால் மசோதாக்களை நவம்பர் 9-ஆம் தேதியிலிருந்தே தாக்கல் செய்யலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்கு அந்த வாரமே எழுதுங்கள். வாக்களித்த பகுதி, நீங்கள் கவலைப்படும் ஒரே ஒரு விஷயம், உங்கள் வீட்டுக் கணக்கு, அவ்வளவு போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

கட்சியின் அடித்தட்டில் பிரிசிங்ட் தலைவர் என்று ஒரு பதவி உண்டு. பிரிசிங்ட் என்பது கவுண்டிக்குள் உள்ள சிறு வாக்குப்பதிவு வட்டாரம். பல இடங்களில் அது காலியாகவே கிடக்கிறது. உங்கள் பிரிசிங்ட்டில் ஆள் இல்லை என்றால், பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல் வரை காத்திருக்காமல் கவுண்டிக் கட்சிக் குழுவே உங்களை நியமிக்கலாம். மார்ச் பிரைமரிக்குப் பிறகு நடக்கும் பிரிசிங்ட் மாநாட்டில் வைக்கும் தீர்மானம் கவுண்டி வழியாக மாநிலக் கொள்கை அறிக்கை வரை போகலாம்.

குழு விசாரணை நடக்கும் நாளில் ஆஸ்டின் கேபிடல் கட்டடத்துக்குப் போனால், உள்ளே இருக்கும் மின்னணுப் பலகையில் பெயரையும் மசோதா எண்ணையும் பதிந்து ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லலாம், பேச விருப்பம் என்றும் குறிக்கலாம். பேசப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று நிமிடம் தருவார்கள். முறை வர இரவாகிவிடுவதும் உண்டு, கையில் சாப்பாடு கொண்டுபோங்கள். வரி ரசீதின் நகல் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள், உறுப்பினர்கள் எண்ணைக் கேட்பார்கள்.